எகிப்து நோட்டு

கல்யாணமான புதுசில் எல்லாப் புருஷனும் பெண்டாட்டிக்கு நகை வாங்கித் தருவதாகச் சொல்வான். என் வீட்டுக்காரர் சமாதியைக் காட்டுவதாகச் சொன்னார். எகிப்தில் ராஜாக்களைப் புதைத்து, மேலே மலை மாதிரிக் கல்லை அடுக்கியிருக்கிறார்களாம். நாலாயிரத்துச் சொச்சம் வருஷமாக அது அப்படியே நிற்கிறதாம். அதன் அடியில் நாங்கள் இரண்டு பேரும் நின்று அண்ணாந்து பார்க்கவேண்டுமாம். நல்ல ஆளைத்தான் கட்டிக்கொண்டோம் என்று சிரித்தேன். அவர் சொல்லச் சொல்ல எனக்கும் அந்தப் பைத்தியம் பிடித்துக்கொண்டது.

அவர் பெயரை வாயால் சொல்லமாட்டேன், எழுதினால் குற்றமில்லை: நேமிசந்திரன். காலேஜில் சரித்திரம் படிக்கப் போனவர். மாமனார் திடீரென்று காலமானதும் பாதியில் திரும்பிவந்து, திண்டிவனத்தில் எங்கள் மல்லாட்டை மண்டியில் உட்கார்ந்தார். கடலை மூட்டைகளுக்கு நடுவிலும் நைல் நதியைப் பற்றித்தான் பேச்சு. நாற்பத்தாறில் எனக்கு டைபாய்டு வந்து, போய்விடுவேன் என்று எல்லோரும் நினைத்து, எப்படியோ பிழைத்தேன். அதற்குப் பிறகு அவர் எகிப்து என்ற வார்த்தையையே எடுக்கவில்லை. குடும்பப் பாரம் மனுஷனை அமுக்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு அது பொறுக்கவில்லை. பீடி இல்லை, சீட்டு இல்லை, அவருக்கு இருந்தது அந்த ஒரே ஆசை. ஐம்பத்து நாலில் மகன் ஜீவேந்திரன் மண்டியைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்ததும், கடைத்தெருவில் ஒரு நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் 'எகிப்து' என்று எழுதினேன். இவரை அந்தக் கல்மலைக்கு அடியில் கொண்டுபோய் நிறுத்துவது என் பொறுப்பு என்று முடிவு செய்தேன்.

புதுச்சேரியில் ஒரு கப்பல் கம்பெனியின் குமாஸ்தா சவுரிராயன். என்னால் அந்த மனுஷன் பட்ட பாடு கொஞ்சமல்ல. நாங்கள் ஜைனர்கள், பொழுது சாய்ந்தபின் சாப்பிடமாட்டோம், கிழங்கு தொடமாட்டோம், வடிகட்டாத தண்ணீர் குடிக்கமாட்டோம். கப்பல் மேற்கே போகப் போகப் பொழுது எந்தத் துறைமுகத்தில் எத்தனை மணிக்குச் சாயும் என்று கேட்டு எழுதினேன். 'அம்மா, இருபது வருஷ சர்வீஸில் என்னிடம் சூரியனைப் பற்றி விசாரித்தவர் நீங்கள் ஒருவர்தான்' என்று பதில் போட்டார். ஆனாலும் ஊர் ஊராக நேரம் விசாரித்து அனுப்பினார். மார்கழியில் கெய்ரோவில் ஐந்து மணிக்கெல்லாம் பொழுது போய்விடுமாம். நாலரைக்குள் சாப்பாட்டை முடிக்கவேண்டும் என்று நோட்டில் குறித்தேன். ஒரு மாதத்துக்குக் கெடாத பொரிமா உருண்டை, தண்ணீர் வடிகட்ட நாலு வெள்ளைத் துணி என்று நோட்டு நிரம்பிக்கொண்டே வந்தது.

நான் பிள்ளையார்சுழி போடாத குறையாகக் கொண்டாடிய அந்த நோட்டை, மத்தியானத்தில் அவர் எடுத்துப் பார்ப்பது எனக்குத் தெரியும். பென்சிலால் திருத்தியும் வைப்பார். கெய்ரோ இரண்டு நாள் என்று நான் எழுதியிருந்தால், அதை அடித்துவிட்டு நான்கு என்று போட்டிருப்பார். அந்தப் பென்சில் எழுத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும். ஆசை போகவில்லை, உள்ளேதான் இருக்கிறது என்று தெரிந்ததல்லவா?

ஐம்பத்தாறு டிசம்பருக்குக் கப்பல். பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுக்க ஆறு தடவை கூப்பிட்டேன். ஆறு தடவையும் மண்டிக்கு லோடு வந்துவிட்டது. அதற்குள் எகிப்தில் சண்டை மூண்டு, கப்பல் போகிற கால்வாயையே அடைத்துவிட்டார்கள். பேப்பரைப் படித்துவிட்டு அவர் பெருமூச்சு விட்டார். துக்கத்தில் விட்ட மூச்சாக அது எனக்குத் தோன்றவில்லை. அன்று முழுக்க அவர்மேல் எரிச்சலாக இருந்தது.

மறுவருஷம் சித்திரையில் கால்வாய் திறந்தது. இந்த முறை நான் விடவில்லை, கையைப் பிடிக்காத குறையாகப் போட்டோக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன். ஸ்டூலில் உட்கார்ந்தார். போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்ததும் இவர் எழுந்து வெளியே போய்விட்டார். பின்னாலேயே போனேன். கடை வாசல் வேப்பமர நிழலில் நின்றார்.

"அனந்தமதி, எனக்குப் போட்டோ வாணாம்."

"ஏன், தல நரச்சுட்டுதுன்னு வெக்கமா?"

"உனக்கு டைபாய்டு வந்தப்ப டாக்டரு கைய விரிச்சுட்டாரு. நான் நேரா மேல்சித்தாமூர்ல நம்ம மடத்துக்குப் போயி திக்விரதம் எடுத்துக்கினேன்."

நான்கு திசையிலும் எனக்கு இதுவரைக்கும்தான் என்று எல்லை வைத்துக்கொண்டு, ஆயுசுக்கும் அதைத் தாண்டாமல் இருக்கும் விரதம் அது. எடுத்தவர் விடமுடியாது, விடச் சொல்லி நானும் கேட்கமுடியாது.

"எதுவரைக்கும்?"

"வடக்கே சிகர்ஜி, மேக்கே கிர்னாரு, தெக்கே குமரி. கெழக்கே கடக்கரை."

சிகர்ஜியும் கிர்னாரும் எங்கள் யாத்திரை மலைகள்; எகிப்து கிர்னாருக்கும் மேற்கே, கடலுக்கு அப்பால்.

"எத்தினியோ விரதம் இருக்குதே! உப்ப விட்டிருக்கலாம், நெய்ய விட்டிருக்கலாம்."

"உப்ப விட்டா எனக்கு என்னா நட்டம்? எது ரொம்ப வேணுமோ அதத்தானே குடுக்கணும்."

"அப்ப எதுக்குப் பென்சில வெச்சு நோட்டத் திருத்திக்கினு இருந்தீங்க?"

"காலுக்குத்தான் எல்ல வெச்சேன். நெனப்புக்கு வெக்கல. நீ அத எழுதறப்ப உன் மூஞ்சி எப்பிடி இருந்துச்சுன்னு உனக்குத் தெரியாது. சொல்ல வாய் வரல."

மூன்று நாள் நான் அவரோடு பேசவில்லை. தன் எகிப்தைக் கொடுத்து என் உயிரை வாங்கியிருக்கிறார், என்னை ஒரு வார்த்தை கேட்காமல். நானோ பத்துப் பதினோரு வருஷம் ஒன்றும் தெரியாமல் இருந்திருக்கிறேன். அதிலும் கடைசி மூன்று வருஷம், அவர் கொடுத்துவிட்டதையே அவர் கண் முன்னால் நீட்டி நீட்டிக் காட்டியிருக்கிறேன். கோபம் அவர்மேலா என்மேலா என்று தெரியாமல் அழுதேன். நோட்டைப் பரணில் எறிந்தேன்.

நான்காம் நாள் நோட்டு கூடத்து மேஜைமேல் இருந்தது. புதுப் பக்கத்தில் பென்சில் எழுத்து. சவுரிராயனுக்கு அவரே கடிதம் போட்டிருக்கிறார். பாரீசில் இருக்கும் மகனிடம் போகிற அஞ்சம்மாள் என்ற புதுச்சேரி அம்மாளோடு எனக்கு ஒரே கேபின். கெய்ரோவில் தங்க ஒரு சிந்திக்கார வியாபாரி வீடு, சுத்த சைவம். என் பாஸ்போர்ட் பாரத்தையும் நிரப்பி வைத்திருந்தார், நான் கையெழுத்துப் போடவேண்டியதுதான் பாக்கி.

"நீங்க இல்லாம நான் போயி யாருக்குக் காட்டப்போறேன்?" என்று கேட்டேன். மூன்று நாளுக்குப் பிறகு அதுதான் முதல் பேச்சு.

"எனக்குத்தான். பாக்காதத நான் சொன்னேன், நீ கேட்டுக்கினு இருந்தே. இனிமே நீ பாத்துட்டு வந்து சொல்லு, நான் கேக்கறேன்."

கையெழுத்துப் போட்டேன்.

கார்த்திகை மாதம், ஒரு காலைப்பொழுதில் புதுச்சேரிக் கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தோம். கப்பல் தூரத்தில் நின்றது. கரையிலிருந்து படகில்தான் போகவேண்டும். மணலில் கிடந்த படகில் அஞ்சம்மாள் முன்னால் ஏறி உட்கார்ந்து எனக்கு இடம் பிடித்துவைத்தாள். நான் ஏறியதும் அவர் உருண்டை டப்பாவை என் மடியில் வைத்தார், வடிகட்டுகிற துணி நாலையும் எண்ணிக் கொடுத்தார்.

"நாலு நாளும் இரு. எனக்காவ மூணாம் நாளே ஓடியாராதே."

"என்னா வாங்கியாரட்டும்?"

"அந்தக் கல்லுல ஒரு தபா கைய வெச்சுப் பாரு. சூடா இருக்குதா, ஜில்லுனு இருக்குதான்னு சொல்லு. போதும்."

படகைத் தள்ளினார்கள். இத்தனை வருஷம் எந்த ஊருக்குப் போகத் தவித்தேனோ அந்த ஊருக்குத்தான் போய்க்கொண்டிருந்தேன், ஆனால் என் கண் கரையை விட்டு நகரமாட்டேன் என்றது. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஈர மணல்வரைக்கும் வந்து நின்றார். பெரிய அலை ஒன்று அவர் காலை நோக்கி ஓடியது. அவர் ஓர் அடி பின்னால் வைத்தார். அலை திரும்பியதும் மறுபடி ஓர் அடி முன்னால் வந்தார். எனக்குக் கண் தெரிந்தவரைக்கும் அவர் அங்கேயே, அலை வந்தால் பின்னால், போனால் முன்னால் என்று நின்றுகொண்டிருந்தார்.