தாத்தாவை அழித்தவன்

சுரேந்தர் தன் சின்னத் தாத்தாவைத் தானே அழித்தான். கத்தி, ரத்தம் எதுவும் இல்லை. கம்ப்யூட்டரில், ஒரு டீ ஆறுவதற்குள், சுத்தமாக.

2010 மே மாதம். மீன்பிடித் தடைக்காலம். கடலூர்க் குப்பத்தில் ஆம்பளைகள் எல்லாம் கரையில் இருந்ததால் விழாவுக்குத் தோதான நேரம். சுனாமிக்குப் பிறகு கட்டிய சமுதாயக் கூடத்துக்கு அந்தச் சின்னத் தாத்தா, ஊமைப்பட நடிகர் காத்தவராயன் பெயரை வைக்க வேண்டும் என்று ஊர்ப் பஞ்சாயத்தில் பேசி ஜெயித்தவன் சுரேந்தர்தான். காதுகுத்திலிருந்து கண்ணீர் அஞ்சலி வரை ஊருக்கே பேனர் போடுகிற ஸ்டுடியோக்காரன் பேசினால் யார் மறுப்பது?

காத்தவராயனின் மகள் அமராவதி அத்தை சிதம்பரத்திலிருந்து ஒரே ஒரு போட்டோ கொடுத்திருந்தாள். ஏதோ கோட்டை மதில். முன்னால் கிரீடத்தோடு சிரிக்கிற ராஜா. பின்னால், மதில் விளிம்பில், முதுகைக் காட்டிக்கொண்டு இன்னொருவன். 'எவனோ குறுக்க நிக்கிறான்' என்று சுரேந்தர் பின்னவனைத் துடைத்துவிட்டு, அந்த இடத்தில் அலைகளை ஒட்டினான். மறுநாள் குப்பத்து முகப்பில் ராஜா பனைமர உயரத்துக்குச் சிரித்தார்.

அதே படம் அச்சடித்த விழா அழைப்பிதழ் கையில் கிடைத்ததும் அத்தை போன் செய்தாள்.

"யார்ரா இவன்?"

"தாத்தா, அத்தை."

"எங்கப்பனை எனக்கே காட்டித் தரியா? அந்த முதுகு எங்கடா போச்சு?"

விஷயம் ஊர்த்தலைவர் குப்பன் காதுக்குப் போக நேரமாகவில்லை. அவர் சுரேந்தருக்கு மாமா முறை.

"மாப்ள, அவரு நடிகரா இல்லியான்னு ஞாயித்துக்கெழமைக்குள்ள சொல்லு. இல்லன்னா கூடத்துக்கு எங்கப்பன் பேரு."

"உங்களுக்குத் தெரிஞ்சு அவரு என்னா நடிச்சாரு மாமா?"

"சீட்டாட்டத்துல நல்லா நடிப்பாரு."

சுரேந்தர் சிதம்பரம் பஸ் ஏறினான். வழியெல்லாம் அவனுக்குத் தன் தொழில்திறமையை நினைத்துப் பெருமையாக இருந்தது. உலகத்தில் எத்தனை பேருக்குச் சொந்தத் தாத்தாவை அலையாக்கத் தெரியும்?

தெற்கு வீதிப் பக்கம் அத்தை வீடு. இட்லி வைத்தாள், கத்திரிக்காய் கொத்சு ஊற்றினாள். அவன் கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை.

"தாத்தா நடிகரா அத்தை?"

"கொத்சு காரமா?"

"ஊர்ல கேக்குறாங்க."

"ஊருக்கு வேற வேலை இல்ல. இன்னும் ரெண்டு வை."

ஆறாவது இட்லியில் அவன் தட்டைத் தள்ளினான். கிண்டல் எல்லாம் வடிந்துபோயிருந்தது.

"அவரு பேரு அந்தச் செவுத்துல இருக்கணும்னு எனக்கு ஆசை அத்தை. பொய்யா வைக்கக் கூடாது, அவ்ளோதான். அந்த முதுகு வெறும் டூப்புன்னா டூப்புன்னே சொல்லிடு. நான் போய் பேனரைக் கழட்டிடுறேன்."

 அத்தை எழுந்து போய்க் கையைக் கழுவிவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"டூப்புதான். கிரீடம் வச்சவன் ஈரோ. மதில்லேருந்து ஆத்துல குதிக்கிறது, குதிரையிலேருந்து விழறது எல்லாம் அப்பா. ஒரு படத்துலயும் மூஞ்சி தெரியாது. பேசும்படம் வந்தப்பவும் கூப்ட்டாங்க. குதிக்கிறதுக்கு எதுக்குடா குரலு? இவருதான் போவல."

"ஏன்?"

"உயரம்னா அவருக்கு ஆவாது. குப்பத்துல பாய்மரத்துல ஒரு நாள் ஏறினது கிடையாது. பரண்ல கொடம் எடுக்கக்கூட எங்கம்மாதான் ஏறணும்."

 அத்தை அவன் கொண்டுவந்திருந்த அசல் போட்டோவை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். விளிம்பில் நிற்கிறவனின் தோள்கள் இறுக்கமில்லாமல், கல்யாணத்துக்குக் கிளம்புகிறவன் மாதிரி நிமிர்ந்திருந்தன.

"அந்த முதுகுல எங்கனா பயம் தெரியுதா பாரு."

"தெரியல அத்தை."

"அப்ப நடிகன்தான்டா. போய் பேரை வை."