அளவுத் தண்ணீர்

"இனிமே அவரு என்ன ஆசைப்படுறாரோ, குடுங்கம்மா" என்று டாக்டரம்மா சொன்னபோது, அவளுக்கு ஒரு கணம் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்த ஒரு கணத்துக்காகப் பிறகு தன்னை எத்தனையோ முறை திட்டிக்கொண்டாள். மூன்று வருடமாக இதே அறையில், இதே நாற்காலியில் உட்கார்ந்து, தண்ணீர் அரை லிட்டருக்கு மேல் கூடாது, பழம் கூடவே கூடாது, ஜூஸ் என்று வாயைத் திறக்கவே கூடாது என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போனவள். திடீரென்று எல்லாம் கூடும் என்றால் யாருக்குத்தான் மனசு துள்ளாது? டாக்டரம்மா பேனா மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். "இதயம் ரொம்ப பலவீனமாயிடுச்சு. இனி டயாலிசிஸ் மெஷின்ல போட்டா தாங்காது. வீட்லயே நிம்மதியா இருக்கட்டும்." அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"எத்தனை நாளும்மா?"

"ஒரு வாரம். முன்னபின்ன ஆகலாம். அவர்கிட்ட நான் சொல்லட்டுமா?"

"வேணாம். நான் பாத்துக்கிறேன்" என்று வேகமாகச் சொல்லிவிட்டு எழுந்தாள். எப்படிப் பார்த்துக்கொள்ளப்போகிறாள் என்பது அவளுக்கே தெரியவில்லை.

வெளியே சக்கர நாற்காலியில் மாஸ்டர் வார இதழைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஊரே அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். கட்டிய மனைவியும் நாலு பேர் முன்னால் அப்படித்தான் கூப்பிடுவாள். "என்னவாம்?" என்றார்.

"மெஷினுக்கு ஒரு வாரம் லீவு விட்டிருக்காங்க. உடம்பு கொஞ்சம் தேறட்டுமாம்."

"பரவால்லையே. எனக்கு நீ ஒரு நாள்கூட லீவு விட்டதில்ல" என்று சிரித்தார். அவளும் சிரித்தாள். பல்லைக் காட்டியதைச் சிரிப்பு என்று சொல்லலாமென்றால் சிரித்தாள்.

பேருந்து நிறுத்தத்துக்கு எதிரில் இருந்தது அவர்களுடைய ஜூஸ் கடை. வெயில் காலம் வந்துவிட்டால் மூச்சுவிட நேரமிருக்காது. மாஸ்டர் கண்டுபிடித்த பானம் ஒன்று அங்கே பிரபலம். தர்பூசணியை மிக்ஸியில் போட விடமாட்டார். அதில் அடித்தால் நுரைதான் வரும், பழம் வராது என்பார். விதையெடுத்து, கரண்டியால் மசித்து வடிகட்டி, கறுப்புத் திராட்சையைப் பாதி நசுக்கிப் போட்டு, எலுமிச்சையைப் பிழிந்து, புதினா இலைகளை உள்ளங்கையில் வைத்து ஒரே ஒரு தட்டுத் தட்டிச் சேர்த்து, கடைசியில் ஒரு சிட்டிகை உப்பும் சோடாவும். கண்ணாடி கிளாஸில் ஊற்றினால் பார்க்க மதுக்கடைச் சமாசாரம் மாதிரியே மினுமினுக்கும். கல்லூரிப் பையன்கள் கிளாஸை முட்டிக்கொண்டு, "மாஸ்டர், இதுல எத்தன பர்சன்ட்?" என்று வம்பிழுப்பார்கள். "நூறு பர்சன்ட் தர்பூசணிடா. குடிச்சா தெளிஞ்சிருவீங்க" என்பார். அதனாலேயே அதற்குத் தெளிவு என்று பெயர் விழுந்துவிட்டது. ஊருக்கெல்லாம் பழம் பிழிந்து கொடுத்தவருக்குச் சிறுநீரகம் இரண்டும் படுத்துக்கொண்டதும், பழத்தில் இருக்கும் பொட்டாசியம் என்கிற உப்பே அவருக்கு விஷம் என்று சொல்லிவிட்டார்கள். கடை அவள் கைக்கு வந்தது. வீட்டுக்குள் ஒரு திராட்சை வரவில்லை.

வீட்டுக்குள் வந்தது அளவுப் பாட்டில். தினமும் காலையில் அதில் அரை லிட்டர் நிரப்பிக் கட்டில் பக்கத்தில் வைப்பாள். நகப்பூச்சால் கோடுகள் போட்டிருந்தாள். வேறு எதைக் குடித்தாலும் அந்த அளவுக்குப் பாட்டிலிலிருந்து தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். டீ அரை டம்ளர் என்றால் அரை டம்ளர் கொட்டுவாள். வாயில் ஒரு ஐஸ்கட்டி போட்டுக்கொண்டால் அதற்கும் கொட்டுவாள். அவர் கண்ணெதிரே கொட்டுவாள், ஏமாற்றவில்லை என்று தெரியட்டும் என்று. "போலீஸ்ல சேர வேண்டியவ" என்பார் மாஸ்டர். வெயில் ஏறிய மதியங்களில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ள, "ஒரே ஒரு கிளாஸ் தெளிவு. அப்புறம் செத்தாலும் பரவால்ல" என்று கெஞ்சுவார். "அதெல்லாம் பேசாதீங்க" என்று எரிந்து விழுவாள். எரிந்து விழுந்துதான் மூன்று வருடம் அவரை உயிரோடு வைத்திருந்தாள்.

இப்போது கொடுக்கலாம். கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அவர் ஒன்றும் பச்சைக் குழந்தை இல்லையே. போலீஸ்காரி தானாகவே கிளாஸை நீட்டினால் என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியாதா? கொடுத்தால், நீங்கள் போகப்போகிறீர்கள் என்று வாயால் சொல்லாமல் சொன்னதாகிவிடும். கொடுக்காவிட்டால், ஒரு கிளாஸ் பழச்சாறுக்கு ஏங்கியே போய்விடுவார். இதில் எந்தப் பாவத்தைக் கட்டிக்கொள்வது என்று புரியாமல் இரண்டு நாள் எதுவுமே செய்யவில்லை. வழக்கம்போல அரை லிட்டர் நிரப்பினாள், டீக்குக் கொட்டினாள், திட்டினாள். இரண்டாம் நாள் அவர் கால் இரண்டும் வீங்கிவிட்டன.

மூன்றாம் நாள் பக்கத்து வீட்டம்மாவைத் துணைக்கு உட்கார வைத்துவிட்டுக் கடை திறந்தாள். பதினோரு மணிக்குக் கழுத்தில் அலுவலக அட்டை தொங்க ஒருவன் வந்து, "பெரிய கிளாஸ் தெளிவு, ஐஸ் நெறைய" என்றான். போனில் பேசிக்கொண்டே பாதி குடித்தான். பேருந்து வந்தது. மீதியை அப்படியே குப்பைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டு ஓடினான். அவன் மேல் ஒரு தப்பும் இல்லை. தினமும் பத்துப் பேர் செய்வதுதான். அவளுக்குத்தான் அந்தத் தொட்டியைப் பார்க்க முடியவில்லை. வரிசையில் ஆறு பேர் நிற்கும்போதே, "மன்னிச்சுக்கங்க, இன்னிக்கு இவ்ளோதான்" என்று ஷட்டரை இழுத்துவிட்டாள். வெயில் காலத்தில், பட்டப்பகலில் அந்தக் கடை மூடியதே கிடையாது.

போகும் வழியெல்லாம் பொய்யை ஒத்திகை பார்த்துக்கொண்டாள். பக்கத்து வீட்டம்மாவை அனுப்பிவிட்டு, கடையிலிருந்து கொண்டுவந்த பழப் பையைக் கட்டிலருகே மேசையில் கவிழ்த்தாள். மாஸ்டர் தர்பூசணியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"டாக்டரம்மா போன் பண்ணாங்க. ரத்தப் பரிசோதன நல்லா வந்திருக்காம். இன்னிக்கு ஒரு நாள் ஒரு கிளாஸ் குடிச்சுக்கலாமாம்." சொல் பிசகவில்லை, குரல் நடுங்கவில்லை. தன்னைத்தானே மெச்சிக்கொண்டாள்.

அவர் தலையணையில் சாய்ந்துகொண்டு, அவள் மசிப்பதைப் பார்த்தபடி, "மெதுவா மசி. அது என்ன உன் எதிரியா?" என்றார். "புதினாவ ரெண்டு தடவ தட்டாத, கசக்கும்." அறை முழுக்கப் பழ வாசனை பரவியது. கிளாஸில் பானம் விளிம்பு வரை வந்தது. தலைமாட்டில் இன்னொரு தலையணை வைத்து அவரை உயர்த்தி, கிளாஸை இரண்டு கையிலும் கொடுத்தாள்.

மாஸ்டர் உடனே குடிக்கவில்லை. பக்கத்தில் இருந்த பாட்டிலைப் பார்த்தார். காலையில் நிரப்பிய தண்ணீரில் மாத்திரைக்குக் குடித்தது போக மிச்சம் அப்படியே இருந்தது. ஒரு முழு கிளாஸைக் கொடுத்திருக்கிறாள்; பாட்டிலிலிருந்து ஒரு சொட்டுக்கூடக் கொட்டவில்லை. அவர் பார்வை போன இடத்துக்கு அவள் பார்வையும் போனது. கை தன்னால் பாட்டிலை நோக்கி நீண்டது.

"விடு" என்றார் அவர். "இனிமே எதுக்கு?"

அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அழக்கூடாது என்றிருந்தாள், அழுகை அவளைக் கேட்டுக்கொண்டா வரும்? அவர் ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டார். இன்னொரு வாய். மூன்றாவது உள்ளே போக மறுத்தது. உதட்டோரம் வழிந்ததைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு கிளாஸை இறக்கினார். மூன்று வருட ஏக்கத்துக்கு இரண்டு வாய்தான் இடம் இருந்தது.

"நல்லா இல்லையா?"

"என்னைவிட நல்லா போட்டிருக்க. வயிறுதான் ஒத்துழைக்கல." கிளாஸை அவள் பக்கம் நீட்டினார். "நீ குடி."

"எனக்கு வேணாங்க."

"மூணு வருஷமா சமையக்கட்டுக் கதவுக்குப் பின்னாடி போய்த்தானே நீ தண்ணி குடிக்கிற? எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? டம்ளர் வைக்கிற சத்தம்கூடக் கேட்கக் கூடாதுன்னு துணி மேல வைப்ப." அவருக்கு மூச்சு வாங்கியது. கொஞ்சம் பொறுத்துச் சொன்னார். "என் கண்ணு முன்னாடி குடி. நான் பாக்கணும்."

அவள் வாங்கிக்கொண்டாள். முதல் மிடறு போக வழியில்லாமல் வாயிலேயே நின்றது, பிறகு சத்தத்தோடு இறங்கியது. இனிப்பும் உப்பும் சேர்ந்து கண் காது எல்லாம் நிறைந்தது. வெட்கமாக இருந்தது அவளுக்கு. கிளாஸைக் கீழே வைக்கப் போனாள்.

"நிறுத்தாத" என்றார் மாஸ்டர்.

கண்ணீர் மூக்கோரமாக வழிந்து கிளாஸுக்குள் விழ விழ, அவள் மடக் மடக்கென்று குடித்துக்கொண்டே இருந்தாள். மாஸ்டர் வைத்த கண் வாங்காமல் அவள் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும், வறண்டுபோன அவர் தொண்டையும் கூடவே ஏறி இறங்கியது.