வெள்ளை பூசாத பேய்

1

இந்தக் கதையை ஒரு பல் டாக்டரிடமிருந்து எடுத்தேன். அவர் என்னிடமிருந்து நான்கு பல் எடுத்திருக்கிறார். ஆகவே இதைத் திருட்டு என்று யாரும் சொல்ல முடியாது.

நியூயார்க்கில், அஸ்டோரியாவில், எங்கள் தெரு முனையில்தான் டாக்டர் ஸ்வோபோடா இருக்கிறார். அன்று அக்டோபர் கடைசி நாள். பேய்த் திருநாளான ஹாலோவீனுக்காக வாசலில் ஒரு பூசணிக்காயை வைத்து, அதற்குத் தானே பல் வெட்டியிருந்தார். தொழில்காரர் அல்லவா, ஒரு பல்கூடக் கோணல் இல்லை. உள்ளே நாற்காலிக்கு எதிரே, சுவரில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைக் கார்ட்டூன் ஓடிக்கொண்டிருந்தது. தொப்பி வைத்த ஒரு பேய் கல்லறைகளுக்கு நடுவே இறங்கி வருகிறது. அதன் வயிற்றுக்குள்ளே கல்லறைகள் தெரிகின்றன, மரம் தெரிகிறது, மரத்தில் உட்கார்ந்திருக்கும் ஆந்தையும் தெரிகிறது. உடம்பு என்ற பெயரில் ஒரு கோடு மட்டும். எனக்கு உலகமே மறந்துபோயிற்று. வாயைத் திறந்துவிட்டேன். டாக்டர் அதைத் தமக்கான அழைப்பாக எடுத்துக்கொண்டார்.

இரண்டு கையையும் என் வாய்க்குள் விட்டுக்கொண்டு அவர் சொன்னார்: “அந்தப் பேய்க்கு வெள்ளை பூச மறந்தது யாருன்னு நெனைக்கறீங்க? எங்க தாத்தாவோட தங்கச்சி எட்னா.”

கதை முழுவதையும் சொன்னார். சரியாக முடிவு வரவேண்டிய இடத்தில் பல் வந்துவிட்டது. வாயில் பஞ்சை அடைத்து அனுப்பிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

(பஞ்சு அடைத்த வாயோடு “அப்புறம்?” என்று கேட்டுப் பாருங்கள். கொட்டாவி என்று நினைத்துக் கதவைச் சாத்துவார்கள்.)

2

தொடங்கியாக வேண்டும்.

“1931ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், கவலையே உருவான ஓர் இளம்பெண் ஜன்னலோரம்—”

வேண்டாம். எட்னா வேலை பார்த்த அறையில் ஜன்னல் பக்கம் இடம் பிடிக்க ஆறு வருஷம் ஆகும். எட்னா சேர்ந்து ஒன்றரை வருஷம்தான்.

“பேய்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று—”

எனக்குத் தெரிந்ததே ஒரு வகைதான். அடித்துவிட்டேன்.

முதலில் இந்தப் படங்களின் மயக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் எட்னா எதற்காக அப்படித் தவித்தாள் என்று விளங்காது. அந்தக் காலத்துக் கார்ட்டூன்காரர்களுக்கு நிறம் கிடையாது. கறுப்பு, வெள்ளை, நடுவே ஏழு சாம்பல், அவ்வளவுதான் கடை. ஆனால் ஹாலோவீன் வந்தால் அந்தக் கடையில் எல்லாம் கிடைக்கும். இருட்டுக்கு ஆறாம் நம்பர் சாம்பல். ஆறைப் பூசிவிட்டால் இரவு வந்துவிடும், வந்த இரவு சும்மாவும் நிற்காது. மரம் முழங்காலை மடித்து ஆடும். கல்லறை தும்மும். எலும்புக்கூடு தன் தலையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குனிந்து வணக்கம் சொல்லும். நிலா மூக்கைச் சுளிக்கும். பயமுறுத்த வந்த எல்லாமே ஒரே தாளத்தில் இடுப்பை ஆட்டுவதால், பயப்பட வந்தவனுக்கும் கால் ஆடத் தொடங்கிவிடும். நிறம் வந்த பிறகு பேய் வெறும் படுக்கை விரிப்பாகிவிட்டது. கறுப்பு வெள்ளையில்தான் அது பேய். இதில் மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாக இருக்கலாம். தவறான கருத்தோடு நீண்ட காலம் வாழ்ந்தவர்களை எனக்குத் தெரியும்.

3

பிராட்வேயை ஒட்டிய ஒரு கட்டடத்தில் அந்தக் கார்ட்டூன் நிறுவனம். ஆறாம் மாடியில் பெண்கள் பூசுவார்கள். ஏழாம் மாடியில் ஆண்கள் வரைவார்கள். மேலே வரைந்த பேய் கீழே வரும். கீழே ஒருத்தி அதைக் கண்ணாடித் தாளில் கோட்டுருவமாக நகலெடுப்பாள். எட்னா தாளைத் திருப்பிப் போட்டு, கோட்டுக்குள் நிறம் ரொப்புவாள். பேய் ஒரு அடி எடுத்து வைக்க எட்டுத் தாள். பின்னணிப் படத்தின்மேல் வைத்து, அப்படித் தாள் தாளாகப் படம் பிடித்தால் திரையில் நடக்கும்.

எட்னாவுக்கு ஏழாம் மாடிக்குப் போக வேண்டும். மத்தியானம் எல்லோரும் சாப்பிடும்போது, கறுப்பு ரொட்டியையும் வெள்ளரி ஊறுகாயையும் ஒரு கையால் தின்றுகொண்டே, ரொட்டி வந்த காகிதப் பையில் இன்னொரு கையால் பேய் வரைவாள். ஏழாம் மாடியில் அதுவரை எந்தப் பெண்ணும் உட்கார்ந்ததில்லை. கூட்டிப் பெருக்க மட்டும் ஒரு பெண் போவாள். அவளைக் கேட்டால் அங்கே யாரும் பெரிதாக வேலை செய்வதில்லை என்பாள்.

நிறுவனத்தின் முதலாளி டாம்ப்கின்ஸ் ஒரு விதி வைத்திருந்தார். தவறு செய்தால் மஞ்சள் சீட்டு. மூன்றாம் சீட்டோடு வீட்டுக்குப் போகலாம். வேலை கேட்டுக் கீழே தெருவில் நிற்பவர்களின் வரிசை அடுத்த தெருவுக்கும் திரும்பிய வருஷம் அது.

எட்னாவிடம் ஏற்கெனவே இரண்டு இருந்தன. முதலாவது, ஒரு பூனையின் வாலுக்குத் தாளுக்குத் தாள் வேறு சாம்பல் பூசியதற்கு. திரையில் அந்த வால் அணைந்து அணைந்து எரிந்தது. இரண்டாவது, கையுறை போடாமல் நிலாவைத் தொட்டதற்கு. நிலாவின் கன்னத்தில் அவளுடைய கட்டைவிரல் ரேகை, அத்தனை பெரிய திரையில், பன்றிக்குட்டி அளவுக்கு.

பக்கத்து மேசை பெர்னீஸ் அதை ஒரு வாரம் விடவில்லை. “எட்னா, நிலாவ யாரோ கன்னத்துல அறஞ்சுட்டாங்களாம். போலீஸ் ரேகைய வச்சுத் தேடுது. நீ எதுக்கும் பின்வாசல் வழியாப் போ.”

4

(இந்தப் பகுதியில் மிஸஸ் ஹாலோரன் வருகிறார். பூசும் அறையின் மேற்பார்வை அவர்தான். முதலில் அவரைக் கொடுமைக்காரியாக எழுதினேன், மூக்கில் மருகூட வைத்தேன். மூன்று பக்கம் எழுதிய பிறகுதான், அந்த மூன்று பக்கத்திலும் அவர் ஒரு கெடுதலும் செய்யவில்லை என்று கவனித்தேன். மருவை எடுத்துவிட்டேன்.)

அக்டோபர் மூன்றாம் வாரம். ஹாலோவீன் படம் தியேட்டருக்குப் போக ஒன்பது நாள். எட்னாவிடம் தொண்ணூற்றாறு தாள் வந்தது: தொப்பி வைத்த பேய், கிழவி ஒருத்தி ஜன்னலில் ஆறவைத்த ஆப்பிள் பணியாரத்தைத் திருட, கல்லறை வழியாக இறங்கி வருகிறது. தொப்பிக்கு நாலாம் நம்பர் பூசினாள். கண்ணுக்கும் வாய்க்கும் கறுப்பு. உடம்புக்கு வெள்ளை. வெள்ளை கெட்டியானது, காய நேரமாகும் என்பதால் எல்லாத் தாளுக்கும் அதைக் கடைசியில் பூசுவதுதான் வழக்கம். அதற்குள் மத்தியான மணி அடித்தது. அன்று காகிதப் பையில் அவள் வரைந்த பேய் நன்றாக வந்துவிட்டது. அதுதான் வினையாயிற்று. மணி அடித்துத் திரும்பும்போதும் கண் பையிலேயே இருந்தது.

அந்த அறையில் எல்லா மேசை மீதும் வெள்ளைக் காகிதம் விரித்திருக்கும். கண்ணாடித் தாளை அதன் மீது வைத்தால், பூசாத பேயும் பால்போல வெள்ளையாகத்தான் தெரியும். எட்னா பார்த்தாள். வெள்ளை. காய்ந்தும் இருந்தது. தொண்ணூற்றாறையும் அடுக்கில் ஏற்றினாள்.

மிஸஸ் ஹாலோரன் பத்துக்கு ஒரு தாளை எடுத்துச் சரிபார்ப்பார், தன் மேசையில் வைத்து. அதுவும் வெள்ளை மேசை. கையெழுத்துப் போட்டு, “பரவால்லையே எட்னா, கோட்டுக்கு வெளிய ஒரு துளி போகல” என்று பாராட்டவும் செய்தார். உண்மைதான், போகவில்லை.

(படம் பிடித்தவன் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். அவன் தாளின் மூலையிலுள்ள எண்ணை மட்டும் பார்ப்பான். பேயைப் பார்க்க அவனுக்குச் சம்பளம் இல்லை.)

5

மறுநாள் காலை எல்லோரையும் ஓர் இருட்டறையில் உட்கார வைத்து, பிடித்த துண்டை ஓட்டினார்கள். பேய் வந்தது. அதன் வயிற்றில் கல்லறைகள் வந்தன. ஆந்தை ஒன்று அதன் தோளுக்குள் உட்கார்ந்து, முதுகு வழியாக வெளியேறியது. யாரும் சிரிக்கவில்லை, யாரும் இருமவில்லை. 

மிஸஸ் ஹாலோரன் இருட்டில் எட்னாவின் முழங்கையைப் பிடித்தார். “வாயத் தெறக்காத. நான் பாத்துக்கறேன்.”

பார்த்துக்கொள்வது என்றால் காப்பாற்றுவதா, பெயரைத் தானே எடுத்துக்கொள்வதா? அந்தக் கையில் இருந்து எட்னாவால் எதையும் படிக்க முடியவில்லை. கை குளிர்ந்திருந்தது. கையெழுத்துப் போட்ட கை.

டாம்ப்கின்ஸ் வாயிலிருந்து சுருட்டை எடுக்காமலே “இன்னொரு தடவை” என்றார். ஓட்டினார்கள். “இன்னொரு தடவை.” மூன்றாம் தடவை முடிந்ததும் விளக்கைப் போடச் சொல்லாமல் கேட்டார்: “இத யார் பண்ணினது?”

இந்த மூன்று சொல்லை அவர் இதற்கு முன் இரண்டு தடவை கேட்டிருக்கிறார். கல்லறையைத் தும்ம வைத்தவன் யார் என்று கேட்டு, அவனை ஏழாம் மாடியில் தலைமை இடத்தில் உட்கார வைத்தார். குதிரைக்கு ஐந்து கால் வரைந்தவன் யார் என்று கேட்டு, அவனைத் தெருவில் வரிசையின் கடைசியில் நிற்க வைத்தார். இரண்டு தடவையும் ஒரே குரல், ஒரே முகம். மனிதருக்கு முகமே ஒன்றுதான் கொடுத்திருந்தார்கள்.

எட்னா எழுந்தாள்.

இங்கேதான் என் முதல் பல் வந்தது.

6

முடிவு வேண்டுமென்றால் நாற்காலியில் உட்கார வேண்டும். சும்மா உட்கார்ந்தால் டாக்டர் பேசமாட்டார். கையில் வேலை இருந்தால்தான் நாக்கு அசையும். ஆக, நன்றாக இருந்த ஒரு கடைவாய்ப் பல்லைக் காட்டி வலிக்கிறது என்றேன்.

இரண்டாம் பல்லுக்குக் கிடைத்த முடிவு: எட்னா எழுந்தாள், ஆனால் மிஸஸ் ஹாலோரன் முந்திக்கொண்டு, “நான்தான் சார், புதுசா ஏதாவது செய்யலாம்னு” என்றார். டாம்ப்கின்ஸ் அவருக்குக் கை கொடுத்தார். எட்னா தன் வேலையோடு தப்பினாள், மறுபடி யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. இதை நான் நம்பத் தயாராக இருந்தேன். ஆனால் நிமிர்ந்து பார்க்காத எட்னாவை எழுத என் பேனாவுக்கு வரவில்லை.

மூன்றாம் பல்: எட்னா எழுந்து, “நான்தான் சார், பூச மறந்துட்டேன்” என்றாள். மூன்றாம் சீட்டு. வரிசை. அடுத்த ஹாலோவீனுக்கு ஊரிலுள்ள எல்லாக் கார்ட்டூன் பேயும் வயிற்றைக் காட்டிக்கொண்டு திரிந்தது. இது சோகமாகவும் நியாயமாகவும் இருக்கிறது. அதனாலேயே எனக்குச் சந்தேகம்.

நான்காம் பல்: எட்னா எழுந்து, “பேயேதான் சார்” என்றாள். டாம்ப்கின்ஸ் பிறந்ததிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தார். பழக்கமில்லாததால் சுருட்டை விழுங்கிவிட்டார். காதிலிருந்து புகை வர, அவளை மின்தூக்கியில் ஏற்றி ஏழாம் மாடிக்கு—

இது நான் சொல்கிற பொய்யைப்போலவே இருப்பதால் விட்டுவிடுகிறேன்.

“எதுதான் டாக்டர் நெசம்?” என்று பஞ்சையும் மீறிக் கேட்டேன்.

“எட்னா ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஒவ்வொண்ணு சொல்லும்” என்றார். “எழுந்து நின்னேன்ங்கறத மட்டும் மாத்தினதே இல்ல.”

7

எனக்கு இப்போது ஐந்து பல் மீதி. கடலைக்கு அது குறைந்தபட்சம். ஆகவே ஐந்தாவது முடிவு உங்கள் பொறுப்பு. கைவசம் இருக்கும் சாட்சியை மட்டும் கொடுத்துவிடுகிறேன்.

படத்தின் கடைசிக் காட்சிக்கு வெள்ளை பூசியது, அந்த இருட்டறைக்கு இரண்டு நாள் கழித்து. அதில் பேய் ஒரு கூரைமேல் உட்கார்ந்து திருடிய ஆப்பிள் பணியாரத்தைத் தின்கிறது. பேயின் உடம்பில் வெள்ளை இல்லை. ஆனால் பணியாரம் மட்டும் பால் வெள்ளை. ஒவ்வொரு கவளமும் தொண்டையில் இறங்கி, வயிற்றில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொள்வது தெரிகிறது. மறதியில் யாராலும் இப்படிச் செய்ய முடியாது. காலி வயிற்றின் அருமை தெரிந்த ஒருவர் செய்தது.

பணியாரமெல்லாம் அடங்கிய பிறகு பேய் சாய்ந்து உட்காரும். அப்போது அதன் நெஞ்சு வழியாக நிலா தெரியும். டாக்டரிடம் கெஞ்சி அந்த இடத்தில் நிறுத்தச் சொன்னேன். நிலாவின் கன்னத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை. எழுந்துபோய் என் விரலை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை. ஆகவே நான் இல்லை.

எட்னா அங்கேயே இருந்து, கையுறையைக் கழற்றிவிட்டு வேண்டுமென்றே வைத்திருக்கலாம். அவள் போன பிறகு மிஸஸ் ஹாலோரன் அலமாரியைத் துழாவி அந்தப் பழைய நிலாவைத் தேடி எடுத்து வைத்திருக்கலாம். அல்லது சிக்கனத்துக்காக, கையில் கிடைத்த நிலாவை மாட்டியிருக்கலாம். அந்தத் தொழிலில் நிலாவை யாரும் தூக்கிப் போடுவதில்லை.

சரி, விளக்கை அணையுங்கள். டாம்ப்கின்ஸ் கேட்டுவிட்டார். முழங்கையில் மிஸஸ் ஹாலோரனின் குளிர்ந்த கை. பெர்னீஸ் பேச மறந்து உட்கார்ந்திருக்கிறாள். மடியில் காகிதப் பை, அதில் நன்றாக வந்த பேய். எட்னா எழுந்தாள், நாற்காலி முனகியது, அவள் சொன்னாள்:

“                                        ”

கோடு மட்டும் இழுத்திருக்கிறேன். உள்ளே பூசவில்லை. இந்தத் தாள் வெள்ளையாக இருப்பதால் பூசி முடித்ததுபோலத்தான் தெரியும். அதை நம்பிப் பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். மிஸஸ் ஹாலோரனே ஏமாந்திருக்கிறார்.