அப்பா போட்ட கோடு

பஞ்சுவை விமானியாகத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் துணிச்சல் அல்ல, எடை. குடும்பத்தில் எல்லாரையும் தராசில் ஏற்றி இறக்கிப் பார்த்தபோது முள் கூச்சப்பட்டு நின்ற ஒரே ஆள் அவன்தான். பஞ்சு என்ற பட்டப்பெயரைச் சின்ன வயதில் வைத்தவர்கள் கேலிக்காகத்தான் வைத்தார்கள். அவனுடைய அத்தான் அதைத் தகுதிச் சான்றிதழாக எடுத்துக்கொண்டார்.

அத்தான் லிஃப்ட் பழுது பார்ப்பவர். லிஃப்ட் மேலே போகிறது, கீழே வருகிறது, ஆனால் கயிறு இல்லாமல் அதற்குப் பிழைப்பு இல்லை என்பது அவருக்கு நெடுநாளாக ஒரு மனக்குறை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் வீட்டு ஷெட்டில் ஒரு குட்டி ஹெலிகாப்டர் கட்ட ஆரம்பித்தார். வால் கிடையாது. ஒரே தண்டில் மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு ஜோடி இறக்கைகள். மேலே இருப்பது இடப்பக்கம் சுற்றினால் கீழே இருப்பது வலப்பக்கம் சுற்றும்.

"ஒண்ணு இழுக்கிற பக்கம் இன்னொண்ணு போகவிடாது. அதனால வண்டி நேரா நிக்கும்," என்று விளக்குவார்.

"நம்ம வீடு மாதிரியே," என்பாள் அக்கா.

மற்றபடி அலுமினியக் குழாய்கள், ஒரு நாற்காலி, முதுகுக்குப் பின்னால் ஓர் எஞ்சின், தலைக்கு மேலிருந்து மூக்குக்கு எதிரே தொங்கும் ஒரு கைப்பிடி. அதைச் சாய்த்தால் மேலே இறக்கைகள் சாயும். வலக்கைப் பிடியை முறுக்கினால் எஞ்சின் கத்தும். இடக்கைக் கட்டைவிரலுக்கு ஒரு சுவிட்ச். இரண்டு ஜோடியும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல் வண்டி தன்னைத்தானே சுற்றத் தொடங்கினால், அதை அழுத்திச் சமாதானம் செய்ய வேண்டும். கதவு, கண்ணாடி, கூரை எதுவும் இல்லை. கேட்டால் எடை என்பார்.

அத்தானுக்குத் தன் ஞாபகத்தின் மேல் நம்பிக்கை கிடையாது. கல்யாணநாளை மறந்த பிறகு அக்காவுக்கும் கிடையாது. அதனால் ஒரு சட்டம் வைத்தார்கள். வேண்டிய அளவு இறுகியதும் 'டக்' என்று சத்தம் போடும் ஒரு ஸ்பேனர் இருந்தது. அத்தான் அதால் நட்டை இறுக்குவார். பக்கத்தில் நிற்கும் அக்கா, டக் சத்தத்தைத் தன் காதால் கேட்ட பிறகு, நட்டிலிருந்து போல்ட் முனை வரை சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு கோடு போடுவாள். கோடு இருந்தால் நட்டு இறுகியிருக்கிறது. பிறகு எப்போதாவது நட்டு அசைந்தால் கோடு உடையும், பார்த்தவுடன் தெரியும். கையால் சும்மா திருகி வைத்ததற்குக் கோடு கிடையாது. யாரும் எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

கண்ணாடிக்கடையில் நாள் முழுக்க மூக்குக்கண்ணாடித் திருகு முடுக்கும் அக்காவுக்குக் கோடு மட்டும் வராது. அவள் போட்டதெல்லாம் மண்புழு மாதிரி நெளிந்து கிடந்தது.

முதல்முறை பறக்கவிடும் வாரத்தில் அப்பா வந்து சேர்ந்தார். அவர் சாலைகளில் கோடு போடும் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நடுவில் வெள்ளை, ஓரத்தில் மஞ்சள், பள்ளிக்கூடத்துக்கு முன்னால் வரிவரியாக. ஊரில் எந்தச் சாலையில் போனாலும், காருக்குள் இருப்பவர்களை விட்டுவிட்டுக் கோட்டோடுதான் பேசிக்கொண்டு வருவார்.

பறக்கவிடும் நாள் காலை அக்கா குளியலறை அலமாரியை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"யார்றா என் நெயில் பாலிஷைக் காலி பண்ணது? பாதி பாட்டில் இருந்துச்சே."

"என் நகத்தைப் பாத்துக்கோ," என்று பஞ்சு கையை நீட்டினான். அப்போதுதான் எதிரே டீ குடித்துக்கொண்டிருந்த அப்பாவின் கட்டைவிரலில் சிவப்பாக ஏதோ ஒட்டியிருப்பது கண்ணில் பட்டது. வயதான காலத்தில் அவருக்கும் ஆசை இருக்காதா என்று அதை அங்கேயே விட்டுவிட்டான். ஒரு மனிதனின் பெருந்தன்மை எங்கே வந்து கழுத்தைப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது.

மூடிப்போன ஒரு கிடங்கின் பின்பக்கம், சிமெண்ட் தரையில் வண்டியை இறக்கினார்கள். வண்டியின் வயிற்றிலிருந்து தரையில் பதித்த இரும்பு வளையத்துக்கு ஒரு நைலான் கயிறு. அதை மீறி ஓர் ஆள் உயரத்துக்கு மேல் போக முடியாது. கயிறில்லாத லிஃப்டை முதல்முறை கயிறு கட்டித்தான் விட வேண்டியிருந்தது. அத்தான் அதைப் பற்றிப் பேச விரும்பவில்லை.

அத்தானும் அக்காவும் வண்டியைச் சுற்றி வந்து ஒவ்வொரு நட்டாகப் பார்த்தார்கள்.

"கோடு இருக்கு. இருக்கு. இதுலயும் இருக்கு."

"கடைசியா போட்டதெல்லாம் பாருங்க, எவ்வளவு நேரா வந்திருக்கு," என்றாள் அக்கா. "கை படிஞ்சுடுச்சு."

"பழக்கம்தான்," என்றார் அத்தான்.

பஞ்சு பெல்ட்டைப் போட்டுக்கொண்டான். "அத்தான், கீழ விழுந்தா என்ன செய்யணும்?"

"விழமாட்டே, மாப்ளே."

"இல்ல, ஒரு பேச்சுக்கு."

"ஒரு பேச்சுக்கு விழுந்தா, கையை மேல தூக்காதே. மேல இறக்கை சுத்திக்கிட்டிருக்கும்."

அத்தானும் அக்காவும் கூட வந்திருந்த அப்பாவும் கிடங்குச் சுவரோரம் நிறுத்தியிருந்த வேனுக்குப் பின்னால் போய் நின்றார்கள். எஞ்சின் பிடித்தது. இறக்கைகள் முதலில் சோம்பலாக நகர்ந்தன, பிறகு கண்ணுக்குத் தெரியாமல் போயின. பிடியை முறுக்கினான். நடுவேகத்தில் வண்டி பேய் பிடித்தது போல ஆடியது. அது தெரிந்த விஷயம்தான். அந்த வேகத்தில் நிற்காதே, சட்டென்று தாண்டிவிடு என்று அத்தான் சொல்லியிருந்தார். பல்லைக் கடித்துத் தாண்டினான். ஆட்டம் அடங்கியது. நாற்காலி லேசானது.

தரை கொஞ்சம் விலகியிருந்தது.

வேனுக்குப் பின்னால் அத்தான் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. அழுகிறாரோ என்று நினைத்தான். நெஞ்சுயரம் வந்ததும் பிடியை அப்படியே வைத்தான். கயிறு இன்னும் தொளதொளவென்றுதான் இருந்தது. அப்போதுதான் மூச்சு விட்டான், மூச்சு விட்டபின்தான் கண்ணுக்கு எதிரே இருப்பதைப் பார்த்தான்.

கைப்பிடியை மேலே இறக்கைகளோடு சேர்க்கும் ஒரே ஒரு போல்ட். ஒரு சாண் தூரத்தில் அதன் நட்டு. அதில் ஒரு சிவப்புக் கோடு.

கோடு ரொம்ப அழகாக இருந்தது.

அக்கா ஏழு பிறவி எடுத்தாலும் இப்படி ஒரு கோடு போடமாட்டாள். அளவெடுத்த அகலம், ஆரம்பமும் முடிவும் வெட்டினாற்போல. இந்த மாதிரிக் கோட்டைப் பஞ்சு பார்த்திருக்கிறான், நெடுஞ்சாலைகளில். அப்பாவின் கட்டைவிரல் ஞாபகம் வந்தது. அதோடு இன்னொன்றும் வந்தது. போன வாரம் இதே நட்டைத் திருகிவிட்டு அத்தான் சொன்னது: "வாஷர் அளவு சரியில்ல. இப்போதைக்குக் கையால முடுக்கி வைக்கிறேன். கோடு போடாதே." புது வாஷர் வந்ததா என்று அதன்பின் யாரும் கேட்கவில்லை. யாரும் எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியதில்லையே.

கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அது நடுவில் உடைந்திருந்தது. நட்டில் இருந்த பாதி, போல்ட்டில் இருந்த பாதியை விட்டு ஒரு நூல் தள்ளி நின்றது. அவன் பார்க்கப் பார்க்க இரண்டு நூலானது.

நட்டு கழன்றால் போல்ட் நழுவும். போல்ட் நழுவினால் கைப்பிடி அவன் மடியில் வந்து விழும். மேலே இறக்கைகள் அவனிடம் எதுவும் கேட்காமல் தங்களுக்குப் பிடித்த பக்கம் போகும்.

கீழே இறங்க வேண்டும். இறங்க வேண்டுமென்றால் வேகத்தைக் குறைக்க வேண்டும். குறைத்தால் அந்தப் பேய் ஆட்டத்தைத் திரும்பவும் தாண்டியாக வேண்டும். ஏறும்போது ஆடிய ஆட்டத்தில்தான் நட்டே இளகியிருக்கும். நட்டை எதாலாவது பிடித்து நிறுத்த வேண்டும். அவனிடம் இருந்தது இரண்டு கை. வலக்கை எஞ்சினை விட முடியாது.

இடக்கையை எடுத்தான். மேலே தூக்காமல், மூக்குக்கு நேராகவே நீட்டி, இரண்டு விரலால் நட்டைப் பிடித்தான். நட்டு சூடாக இருந்தது, விரலுக்குள் உயிருள்ள பூச்சி மாதிரி துடித்தது. திருகப் பார்த்தான். விரல் வழுக்கியது. சரி, திரும்பாமல் இருந்தால் போதும்.

அத்தான் அவன் கையசைக்கிறான் என்று நினைத்துக்கொண்டார். பதிலுக்குக் கையசைத்தார். அப்பாவும் அசைத்தார், கொஞ்சம் தாமதமாக, கௌரவமாக.

கட்டைவிரல் சுவிட்சை விட்டதும் வண்டி மெல்லச் சுற்றத் தொடங்கியது. அத்தான் கடந்து போனார். அப்பா கடந்து போனார். கிடங்குச் சுவர் வந்தது, குப்பைத்தொட்டி வந்தது, மறுபடி வேன். அக்கா மட்டும் கையசைக்கவில்லை. அவன் விரல் எங்கே இருக்கிறது என்று பார்த்தாள். இன்னொரு சுற்று சுற்றி வந்தபோது உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்து, மெதுவாக அழுத்திக் காட்டிக்கொண்டிருந்தாள். இறங்கு. இறங்கு.

வேகத்தைக் குறைத்தான். முழங்கால் உயரம் வந்தபோது பேய் வந்தது. நாற்காலி, பற்கள், பின்மண்டை எல்லாம் தனித்தனியாக ஆடின. நட்டு விரலைப் பிய்த்துக்கொண்டு திரும்பப் பார்த்தது. நகம் மடங்கியது. அவன் விடவில்லை. மெதுவாக இறங்கினால் இந்த ஆட்டம் நீளும், சட்டென்று இறங்கினால் அடி விழும். அடி பரவாயில்லை என்று முடிவு செய்து பிடியின் முறுக்கை முழுவதும் தளர்த்தினான்.

வண்டி தரையில் விழுந்தது. ஒரு பக்கம் குதித்தது, யோசித்தது, திரும்பவும் உட்கார்ந்தது. எஞ்சினை அணைத்தான்.

இறக்கைகள் நிற்கும்வரை யாரும் கிட்டே வரக்கூடாது என்பதும் அத்தானின் சட்டம்தான். அக்காவின் கையை அவர் இறுகப் பிடித்திருந்தார். இறக்கைகள் ஆற அமர நின்றன.

"மாப்ளே, பறந்துட்டோம்," என்று சிரித்துக்கொண்டே வந்தார் அத்தான். "ஏன் கையசைக்கிறதை நிறுத்தவே இல்ல?"

பஞ்சு விரலை விரித்தான். உள்ளங்கையில், தரையில் மோதியபோது கழன்று வந்த நட்டு இருந்தது. அதன் மேல் பாதிக் கோடு.

அத்தானின் சிரிப்பு எங்கே போவதென்று தெரியாமல் முகத்திலேயே நின்றது. அக்கா நட்டை எடுத்துப் பார்த்தாள். பிறகு தன் கை படிந்துவிட்டதாக நினைத்திருந்த கோடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"அப்பா," என்றாள். "எத்தனை நட்டுல போட்டீங்க?"

"கோடு இல்லாததுக்கெல்லாம் போட்டேன்," என்றார் அப்பா. "நேத்து நீங்க கடைக்குப் போயிருந்தப்போ. வேலையைப் பாதியில விட்டிருந்தீங்க. கோட்டைப் பாதியில விட்டா ஆபத்தும்மா."

அத்தான் தரையில் உட்கார்ந்து, கோடு என்றால் என்ன என்று முதலிலிருந்து சொன்னார். கோபமே இல்லாமல், லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் பேசுகிற குரலில். அப்பா முழுவதும் கேட்டார். கேட்டு முடித்ததும் வண்டியைப் பார்க்கவில்லை, பஞ்சுவையும் பார்க்கவில்லை. தன் கட்டைவிரலைப் பார்த்தார்.

"அப்போ நான் போட்டது பொய்க் கோடு," என்றார்.

"ஆமா," என்றான் பஞ்சு. "ஆனா உடைஞ்சப்போ உடனே தெரிஞ்சுது. அக்கா போட்டிருந்தா, உடைஞ்சிருக்கா இல்ல அதுவே அப்படித்தானான்னு யோசிச்சுக்கிட்டே செத்திருப்பேன்."

அக்கா அவன் தலைக்கவசத்தில் ஒரு தட்டு தட்டினாள். தட்டிய கையை எடுக்கவில்லை.

அன்று பறப்பது அத்தோடு சரி. வேனிலிருந்து நெயில் பாலிஷ் அழிக்கும் அசிட்டோன் பாட்டிலும் கிழிந்த துணியும் வந்தன. நேரானது, நெளிந்தது என்று பார்க்காமல் எல்லாக் கோட்டையும் அப்பாவே துடைத்தார். அத்தான் ஸ்பேனரை எடுத்து முதல் நட்டிலிருந்து ஆரம்பித்தார். டக். அக்கா வரும் வழியில் வாங்கிய புது நெயில் பாலிஷைத் திறந்து தூரிகையைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள், அதை அப்பாவிடம் நீட்டினாள்.

அப்பா வாங்கிக்கொண்டார். ஆனால் போடவில்லை.

"இன்னொரு தடவை இறுக்குங்க மாப்ளே. எனக்குச் சரியாக் கேக்கல."

டக்.

"இன்னொரு தடவை."

பஞ்சு அதுவரை நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தான். மடங்கிய நகத்தோடு பெல்ட்டின் பக்கிளைத் திறக்க வரவில்லை.

"யாராவது இந்த பெல்ட்டைக் கழட்டிவிடுங்க," என்றான். "அவசரமில்ல. அப்பா அந்தக் கோட்டைப் போட்டு முடிக்கட்டும்."