உறையில்லாத விரல்

“அக்கா, எங்கம்மா கையுறையில மட்டும் ஏன் ஒரு விரலக் காணோம்?”

கீழ்வீட்டுச் சிறுமி, படியில் காய்ந்த உறையைத் தூக்கிக் காட்டிக் கேட்டாள். மாடியில் குடியிருந்தவளுக்குப் பதில் தெரியவில்லை. படிப்பை முடித்து, கணினித் தொடுதிரைகளை வடிவமைக்கும் வேலையில் அவள் புதிதாகச் சேர்ந்திருந்தாள். அவள் வடிவமைத்த முதல் திரையில்தான் அந்தத் தாய் மீன்பெட்டிகளைப் பதிவு செய்கிறாள் என்பது மட்டும் தெரியும். கேள்வி அவளைத் தூங்கவிடவில்லை.

விடியுமுன் கீழ்வீட்டுக்காரியோடு அவளும் மீன் ஆலைக்குப் போனாள்.

குளிர் அறையில் மூச்சு புகையாக வந்தது. பெண்கள் பனிக்கட்டித் தூளை வாரிப் பெட்டிகளில் கொட்டினார்கள். மூடியை முழங்காலால் அழுத்தி இரும்புப் பட்டையை இழுத்துக் கட்டினார்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் சுவரிலிருந்த திரையைத் தொட வேண்டும். தொட்டால்தான் பெட்டி கூலியில் சேரும். தடித்த உறையைத் திரை மதிக்கவில்லை. கழற்றி மாட்டிக்கொண்டிருந்தால் பெட்டிகள் குவிந்துவிடும். அதனால் எல்லோரும் சுட்டுவிரல் உறையை வெட்டியிருந்தார்கள். வெளியே தெரிந்த விரல்கள் வெளுத்து, நுனி வெடித்திருந்தன.

அந்தத் திரையை அவள் சோதித்தது அலுவலகத்தில், நண்பர்களின் வெறுங்கையால். ‘பயன்படுத்துபவரே மையம்’ என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவள் அவள்.

“என்ன பாப்பா, முகம் செத்துப்போச்சு?” என்றாள், வாயாடி என்று பெயர் வாங்கிய ஒருத்தி. “நீயும் ஒரு விரல வெட்டிக்க. பயப்படாத, உறையத்தான் சொல்றேன்!”

சிரிப்பு அடங்குமுன் அலறல் கேட்டது. பட்டை தெறித்து, கீழ்வீட்டுக்காரியின் வெறும் விரலைக் கிழித்திருந்தது. பனிக்கட்டி சிவந்தது.

முதலாளி வந்தார். “ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க. மத்தவங்க வேலையப் பாருங்க.”

யாரும் அசையவில்லை.

“திரைய மாத்துங்கய்யா. அதுவரைக்கும் முன்ன மாதிரி ஆள வச்சு எண்ணுங்க” என்றாள் வாயாடி.

“உறைய வெட்டச் சொன்னது நானா?”

“கூலிய வெட்டுனது நீங்கதான?”

முதலாளி வடிவமைத்தவள் பக்கம் திரும்பினார். “படிச்ச புள்ள, நீயே சொல்லும்மா. திரையில என்ன குறை? உங்க கம்பெனிக்கு நான் இன்னும் வேலை குடுக்கணும். பாத்துப் பேசு.”

அவள் மனதுக்குள் கடவுளைக் கூப்பிட்டாள்.

“குறை என்னோடதுதான் சார். உறை போட்ட கையால ஒரு தடவகூட நான் தொட்டுப் பாக்கல. யார் கேட்டாலும் இதையே சொல்லுவேன்.”

“வேலை போயிடும்.”

“இவங்களுக்கு விரல் போகுது சார்.”

பெண்கள் வேலையை விட்டு வாசலுக்குப் போய் உட்கார்ந்தார்கள். அடுத்த அறையில் மீன் அரிந்தவர்கள் கத்தியை வைத்துவிட்டு வந்தார்கள். லாரிக்காரர்கள் என்ஜினை அணைத்தார்கள். முதலாளி கதவைச் சாத்தினார். எதற்கும் முடிவு வரவில்லை.

வடிவமைத்தவள் தள்ளியே நின்றாள். அவர்களோடு உட்காரக் கூசியது. வாயாடி நகர்ந்து இடம் விட்டாள்.

“உக்காரு. அழணும்னா உக்காந்து அழு. நாளைக்கும் வரணும் நீ.”

குற்ற உணர்வில் குன்றி நிற்பவர்களை இறைவன் தனியே விடுவதில்லை. பக்கத்தில் யாரையாவது நகர்ந்து உட்காரச் சொல்கிறான்.

மதியம் அவள் வீடு திரும்பியபோது ஆஸ்பத்திரிக்குப் போனவள் வந்திருக்கவில்லை. மகளும் பள்ளியிலிருந்து வரவில்லை. குழாயடியில் அவர்களுடைய துணி ஊறிக் கிடந்தது. அவள் சேலையைச் செருகிக்கொண்டு குனிந்தாள். ஒவ்வொன்றாகக் கசக்கி, அலசி, பிழிந்து வெயிலில் விரித்தாள். சிறுமியின் சட்டைக் கழுத்தில் மைக்கறை போகவில்லை. திரும்பவும் சோப்புப் போட்டாள்.

தெருமுனையில் அவர்கள் குரல் கேட்டது. வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஈரக்காலோடு மாடியேறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.