வகுக்கத் தெரியாத சிப்

1

இந்தக் கதை பிறந்த இடம் எங்கள் வீட்டில் பாத்திரம் கழுவும் தொட்டி. என் மனைவி முதுகைக் காட்டிக்கொண்டு அங்கே நின்று பேசுவாள். என் காதுக்கருவி நடுநடுவே சொற்களை விழுங்கிவிடும். உதட்டைப் பார்த்தால்தான் எனக்கு முழு வாக்கியம். அவளுக்கு இது பொறுக்கவில்லை. அந்தக் கருவிக்கே கம்பைலர் எழுதுகிறவள் அவள்.

(நிரலைச் சிப்புக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றுவது கம்பைலர். பாடம் முடிந்தது.)

2

முதலில் எழுதிய தொடக்கம்: "வகுத்தபின் எஞ்சும் மீதியைப் போன்றதுதான் மனித வாழ்வும்..." சகிக்கவில்லை. அடித்துவிட்டேன்.

நேராகவே சொல்கிறேன். கருவி ஒலித்துணுக்குகளை வட்டமாக அடுக்குகிறது. எந்தத் துணுக்கு எங்கே என்று பார்க்க, வரிசை எண்ணை வட்டத்திலுள்ள இடங்களின் எண்ணிக்கையால் வகுத்து மீதி எடுக்க வேண்டும். அந்தச் சிப்புக்கோ வகுக்கத் தெரியாது. கழித்துக் கழித்து மூச்சு வாங்கும். அதற்குள் ஒரு சொல் போய்விடும்.

வகுப்பதற்குப் பதில், கணக்கிட்டு வைத்த ஓர் எண்ணால் பெருக்கி, விடையின் மேல்பாதியை, அதாவது முன்பக்க இலக்கங்களை, எடுக்கும்படி கம்பைலரை மாற்றினாள். என் காதில் நிலைமை இன்னும் மோசம்.

"ஆபீஸ் மெஷின்ல பறந்துச்சே!"

"என் காது ஆபீஸ்ல இல்லையேம்மா."

ஆபீஸ் மெஷினில் இருக்கும் பெரிய ப்ராசஸர் மேல்பாதியைக் கையோடு கொடுத்துவிடும். இந்தச் சிப் கீழ்ப்பாதியை மட்டும்தான் தரும். மிச்சத்தைத் துண்டு துண்டாகப் பெருக்கி ஒட்ட வேண்டும். இந்தச் சிப்பிலேயே சோதிக்காமல் விட்டதற்காக அவள் தன்னையே திட்டிக்கொண்டாள். பிறகு வேறு வழி தேடிக் கணினி முன் உட்கார்ந்துவிட்டாள்.

3

[அவளுடைய மேலாளரை வில்லனாக்கப் பார்த்தேன். மனிதர் ஒத்துழைக்கவில்லை, நியாயமாகவே பேசினாராம்.]

"ஒரு பொடி சிப்புக்குத் தனி வழியா? நாளைக்கு யாரும்மா அதைக் கட்டி மேய்க்கிறது?"

"நான்தான் சார். இங்க இருக்கிற வரைக்கும் நான்தான்."

அவள் கண்ட வழி இது: எண் ஒவ்வொன்றாகத்தானே ஏறுகிறது? வகுக்கவும் வேண்டாம், பெருக்கவும் வேண்டாம். வட்டத்தின் கடைசி இடம் தாண்டியதும் பூஜ்யத்துக்குத் திரும்பினால் போதும். பெரிய ப்ராசஸருக்குப் பெருக்கல், இதற்கு, கடைசி வந்ததா என்று பார்க்கும் வெறும் ஒப்பீடு.

4

முடிவு ஒன்று: கேட்கவில்லை. அவள் மறுபடி கணினி முன் உட்காருகிறாள். (விடமாட்டாள். எனக்குத் தெரியும்.)

முடிவு இரண்டு: எல்லாம் கேட்கிறது, கட்டிப்பிடித்து அழுகிறோம். (படித்தால் சிரிப்பாள்.)

உண்மையில், புதிய நிரல் இப்போதுதான் காதில் ஏறியிருக்கிறது. நான் சுவரைப் பார்த்த மேசையில் இதை எழுதுகிறேன். பின்னால் குழாயில் தண்ணீர் ஓடுகிறது.

"திரும்பாதீங்க. எழுதிட்டே இருங்க. பயமா இருக்கு எனக்கு."

மேலே உள்ள வரியை நான் உதட்டைப் பார்த்து எழுதவில்லை.

அடுத்து ஒரு கேள்வி கேட்கிறாள். பதில் சொல்லப் போகிறேன். முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.