அக்காவின் எட்டாயிரம் அடிகள்

நடக்கும் அடிகளையும் இதயத் துடிப்பையும் எண்ணும் கைப்பட்டை தயாரிக்கும் அந்தக் கம்பெனியில் தங்கைக்கு ஏக மரியாதை. எட்டாயிரம் அடி நடக்கும்வரை சிவப்பாகவே முறைக்கும் வட்டம், அதைக் குடும்பத்தார் எல்லோர் போனிலும் காட்டும் ஏற்பாடு, 'இன்றும் தோற்றுவிட்டீர்களா?' என்ற வாசகம், எல்லாம் அவள் மூளையில் உதித்தவை. அவரவர் உடம்பின் கடிவாளத்தை அவரவர் கையிலேயே கொடுக்கிறோம் என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசுவாள். அத்தாட்சிக்கு அலைய வேண்டியதில்லை. இதயம் பலவீனமாகிப் படுத்திருந்த சொந்த அக்காவே மூன்று வாரமாகப் பச்சை வட்டம் வாங்கிக்கொண்டிருந்தாள். அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் டாக்டர் போன வாரம், உடம்பில் தேங்கும் நீரை வெளியேற்றும் மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். தங்கைக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தப் பூரிப்போடு ஒரு நாள் மதியம் அக்கா வீட்டுக் கதவைத் தட்டினாள். திறக்க வெகுநேரம் ஆயிற்று. நாலு எட்டு வைத்து வந்ததற்கே அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். நடந்த களைப்பு என்று தங்கை தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். இருவரும் உட்கார்ந்த நேரத்தில் தங்கையின் பையில் இருந்த போன் கிணுகிணுத்தது. 'உங்கள் அக்கா இப்போது வேகமாக நடக்கிறார். கைதட்டுங்கள்.'

அக்கா எதிர் நாற்காலியில் இருந்தாள். மணிக்கட்டு வெறுமையாக இருந்தது.

துருவிக் கேட்க வேண்டியிருக்கவில்லை, அக்காவே சொல்லிவிட்டாள். அக்காவின் கணவர் தபால்காரர். தெருத்தெருவாக நடப்பதே அவர் பிழைப்பு. பட்டை மூன்று வாரமாக அவர் கையில்தான் இருந்ததாம். அடிகள் மட்டுமா, டாக்டர் மெச்சிய இதயத் துடிப்பும் அவருடையதே.

"நாள் பூரா அது என்னைத் திட்டிட்டே இருந்துச்சு. நீங்க எல்லாரும் பாத்துட்டு இருந்தீங்க. நான் என்னடி பண்ணுவேன்?"

தங்கைக்குக் கோபம்தான் முதலில் வந்தது. குனிந்து அக்காவின் கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். குழி விழுந்தது, எழும்பவில்லை. கோபம் போன இடம் தெரியவில்லை. மாத்திரை குறைந்ததில் நீர் அங்கே தேங்கியிருந்தது.

டாக்டரிடம் மட்டும் சொல்லாதே என்று அக்கா கையைப் பிடித்துக் கெஞ்சினாள். காத்திருந்த நோயாளிகள் அத்தனை பேர் முன்னாலும் அவர் அவளைப் பாராட்டியிருந்தாராம். தங்கை கையை விடுவித்துக்கொள்ளாமலே மறு கையால் போன் போட்டாள். அதெல்லாம் அக்கா கணவரின் கணக்கு என்று சொன்னாள். டாக்டர் திட்டவில்லை. உடனே அழைத்துவரச் சொன்னார். பிறகு, இத்தனை நாளும் அக்கா உண்மையில் எவ்வளவு நடந்தாள் என்று கேட்டார்.

பழக்கதோஷத்தில் தங்கை போனிலேயே தேடினாள். பச்சை வட்டங்கள் வரிசையாக நின்றன. முடியவில்லை என்று ஒரு வரி எழுத, தான் வடிவமைத்ததில் எங்குமே இடமில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. தலையை நிமிர்த்தி, இந்த மூன்று வாரத்தில் முதல் தடவையாக அக்காவிடமே கேட்டாள்.

"பாத்ரூம் வரைக்கும்," என்றாள் அக்கா. "அதுவும் நடுவுல ரெண்டு தடவை உக்காந்துட்டு."